1966 மஸ்டாங், ஆறு சிலிண்டர்: பாகம் எங்கே வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது?

எடிசன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. ஸ்பேனர் பிடித்த அனுபவம் என்றால், ஊரில் அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டருக்கு பிளக் துடைத்ததும், இங்கே வந்த பிறகு சொந்தக் காருக்கு ஆயில், பிரேக் பேட் மாற்றியதும்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டியின் கராஜில் பல வருடமாக உறை போட்டு நின்ற 1966 மஸ்டாங்கை வாங்கிவிட்டேன். இரண்டு கதவு ஹார்ட்டாப், 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வெளியே சிவப்பு, கதவைத் திறந்தால் கீல் பக்கம் பழைய வெளிர்நீலம் தெரிகிறது. வின் எண் (வண்டியின் அடையாள எண்) 6டி07டி (6T07T) என்று ஆரம்பிக்கிறது. 6 என்றால் 1966, முதல் டி மெட்டச்சன் ஆலை, 07 ஹார்ட்டாப், அடுத்த டி 200 இன்ஜின் என்று படித்தேன். மெட்டச்சன் ஆலை என்று பெயரே தவிர, அது இருந்தது எடிசனில், ரூட் 1 மேல். 2004-ல் மூடிவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் கடைகள். கார் பிறந்த ஊரிலேயே நிற்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வீட்டம்மாவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை.

இப்போதைய நிலைமை:

இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நன்றாகவே நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூச்சு வாங்குகிறது, சில சமயம் புஸ்ஸென்று அணைந்தும் போகிறது. பாட்டியின் மகன் விற்பதற்கு முன்னால் "புது கார்பரேட்டர் போட்டேன்" என்றார்.

மழையில் வெளியே நிறுத்தினால் முன் இருக்கைக் கார்ப்பெட் நனைகிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் வலது பக்கம் தரைத் தகட்டில் விரல் நுழையும் ஓட்டை. ஒரு பாடி ஷாப்பில் தரையை மட்டும் மாற்ற விலை கேட்டேன், தலை சுற்றியது.

கொஞ்ச தூரம் ஓட்டினால் பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள், ஆயில் முள் மூன்றும் சேர்ந்து மேலே ஏறுகின்றன. டேங்கில் பாதிதான் இருக்கும், முள் ஃபுல் காட்டும்.

பாகங்களை ராக்ஆட்டோ என்ற ஆன்லைன் கடையில் வாங்குவதா, மஸ்டாங்குக்கென்றே இருக்கும் கடைகளிலா, ஈபேயிலா? எதை முதலில் செய்வது? நண்பர்கள் எல்லோரும் "ஆறு சிலிண்டரைத் தூக்கிப் போடு, வி8 வை" என்கிறார்கள். உங்கள் கருத்து?

---

வி8பைத்தியம்:

வாழ்த்துகள் ப்ரோ! நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆறு சிலிண்டர் மஸ்டாங் பார்க்க மட்டும்தான் மஸ்டாங். ஒரு 302 கன அங்குல வி8 பிடித்துப் போடுங்கள். இன்ஜின் பே-யில் இடம் தாராளம், பாகம் மலிவு, சத்தம் தேன். இருக்கிற இன்ஜினுக்குச் செலவழிக்கும் காசை அதில் போடலாம்.

---

பழையஇரும்பு:

தம்பி, மிச்சிகன்ல டூல் அண்ட் டை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். என் கராஜ்லயும் ஒரு ஆறு சிலிண்டர் மஸ்டாங் நிக்குது, அதனால பக்கச்சார்பு இருக்குன்னு வெச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல எந்தக் கடைக்கும் கார்டு நம்பரைக் கொடுக்காதீங்க. குரோம் எம்ப்ளம், புது ஸ்டியரிங் வீல், குதிரை போட்ட ஃப்ளோர் மேட், இதெல்லாம் கை அரிக்கும். அப்புறம் பார்த்துக்கலாம். முதல் செலவு ஒரு ஜக்குத் தண்ணி.

முன்கண்ணாடிக்கு அடியில, ஹூட் முடியற இடத்துல, கோடு கோடா ஓட்டை போட்ட தகடு இருக்கு பாருங்க. அதுதான் கவுல். ரெண்டு தகட்டை மேலும் கீழுமா வெச்சு ஸ்பாட் வெல்டு பண்ணின பெட்டி. கீழ்த்தகட்டுல, டேஷ்போர்டுக்கு ரெண்டு பக்கமும், காத்து உள்ளே வரதுக்கு வட்டமா ஓட்டை விட்டு, அதைச் சுத்தித் தொப்பி மாதிரி ஒரு கழுத்து எழுப்பியிருப்பாங்க. மழைத்தண்ணி அந்தக் கழுத்தைச் சுத்தி ஓடி, ரெண்டு ஓரமா ஃபெண்டருக்குள்ள வடியணும். அறுபது வருஷமா இலையும் மண்ணும் உள்ளே சேர்ந்து, ஈரம் காயாம, கழுத்தோட அடிப்பக்கம் துருப்பிடிச்சு அரிச்சுப் போகும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

கார்ப்பெட்டை எடுத்துட்டு, தரையில நியூஸ்பேப்பர் விரிங்க. வீட்டம்மாவை வெளியே ஜக்கோட நிக்கச் சொல்லிட்டு (வாங்கினதுக்கு அவங்களும் கொஞ்சம் உழைக்கட்டும்), நீங்க டேஷ்போர்டுக்கு அடியில டார்ச்சோட மல்லாந்து படுங்க. முதல்ல இடது பக்கம் மட்டும் மெதுவா ஊத்தணும். பத்து நிமிஷம் விட்டு வலது பக்கம். எங்கே சொட்டுதுன்னு கண்ணால பாருங்க. சொட்டறது பச்சையா, பிசுபிசுன்னு, இனிப்பு வாசனையோட இருந்தா அது மழைத்தண்ணி இல்ல, கூலன்ட் ஓடற ஹீட்டர் கோர் கசியுதுன்னு அர்த்தம். கண்ணாடி ஓர ரப்பர் வழியா இறங்கினா அது வேற கதை, அதுக்குச் செலவு கம்மி.

கவுல்தான்னு உறுதியாச்சுன்னா, தரையை இப்போ தொடவே தொடாதீங்க. கூரை ஒழுகற வீட்டுல தரைக்கு மொசைக் போடற மாதிரி ஆயிடும். கவுலை முழுசா மாத்தணும்னா ஃபெண்டர், ஹூட், முன்கண்ணாடி எல்லாம் கழட்டி, ஸ்பாட் வெல்டை ஒவ்வொண்ணாத் துளைச்சு மேல்தகட்டைத் தூக்கணும். பொறுமை இருந்தா வீட்டுலயே முடியும். ஃபெண்டர் இந்தக் கார்ல போல்ட்தான், வெல்டு இல்ல. வெல்டு தெரியாதுன்னா தகட்டைத் தூக்கற வரைக்கும் நீங்க பண்ணிட்டு, வெல்டருக்கு மட்டும் காசு கொடுங்க. பாடி ஷாப் பில்லுல பெரும்பகுதி கழட்டறதுக்கும் பூட்டறதுக்கும்தான் போகும்.

தற்காலிகமா, கீழே இருந்து ஒட்டற பிளாஸ்டிக் தொப்பி விக்கிறாங்க. மழையில எடுக்காத காருக்கு ரெண்டு மூணு வருஷம் தாக்குப் பிடிக்கும். அதைக் கேவலமா நினைக்க வேண்டாம்.

கார் ஜாக்ல நிக்கறப்போ ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால ஃப்ரேம் ரெயில் (தரைக்கு அடியில நீளவாக்குல ஓடற பெட்டி மாதிரி இரும்பு), பின் ஸ்ப்ரிங் மாட்டற இடம் எல்லாத்தையும் குத்திப் பாருங்க. 'டங்'னு கேட்டா இரும்பு. 'பொத்'துன்னா பட்டி, இல்ல துரு. அண்டர்கோட்டிங் புதுசா கறுப்பா அடிச்சிருந்தா அங்கே ரெண்டு குத்து அதிகமாக் குத்துங்க. இந்தக் காருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதனால தரையை வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியில குறுக்கே குழாய் வெல்டு பண்ணி இறுக்கிட்டுத்தான் வெட்டணும். இல்லேன்னா வேலை முடிஞ்ச பிறகு கதவு மூடாது.

ரெண்டாவது, பிரேக். இதுல எனக்குப் பிடிவாதம் உண்டு. 66-ல மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளற பாகம், ஒத்தை அறை. நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கேயாவது ஒரு ரப்பர் ஹோஸ் பிஞ்சா பெடல் நேரா தரைக்குப் போயிடும், நாலு சக்கரமும் போச்சு. ஃபோர்டே 67-ல ரெட்டை அறைக்கு மாறிட்டாங்க. அந்த 67 டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உங்க ஃபயர்வால்ல உட்காரும். பைப்பும் டிஸ்ட்ரிப்யூஷன் பிளாக்கும் மாத்தணும். ஒரிஜினாலிட்டி போச்சேன்னு யாராவது சொன்னா, அவங்களையே கார்டன் ஸ்டேட் பார்க்வேல ஓட்டச் சொல்லுங்க. மூணு ரப்பர் ஹோஸ் (முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு), நாலு வீல் சிலிண்டர், ஷூ, இது எல்லாம் புதுசு. டிரம்மைக் கழட்டினா உள்ளே இருக்கற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணிதான்.

உங்களுக்கு நாலு போல்ட் சக்கரம், 9 அங்குல டிரம். வி8 காருக்கு அஞ்சு போல்ட், 10 அங்குலம். '65-66 மஸ்டாங்'னு மட்டும் போட்டு ஆர்டர் பண்ணினா தப்பான பெட்டி வந்து நிக்கும். ஆறு சிலிண்டர்னு தேர்ந்தெடுத்து வாங்குங்க.

மூணாவது, மூச்சு வாங்கறது. 'புது கார்பரேட்டர் போட்டேன்'னு படிச்சதுமே பாதி புரிஞ்சுபோச்சு. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சுக் கொடுக்கற உங்க டிஸ்ட்ரிப்யூட்டருக்கு லோட்-ஓ-மேடிக்னு பேர். சாதாரண டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ளே சுத்தும்போது விரியற வெயிட்டு இருக்கும், வேகம் ஏற ஏற டைமிங்கை அட்வான்ஸ் பண்ணும், அதாவது ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்கூட்டியே விடும். இதுல வெயிட்டே கிடையாது. முழு அட்வான்ஸும் கார்பரேட்டர்லேர்ந்து வர வேக்குவத்தை நம்பித்தான். அதுக்காகவே ஒரிஜினல் ஆட்டோலைட் 1100 கார்பரேட்டர் பக்கவாட்டுல ஸ்பார்க் கண்ட்ரோல் வால்வுன்னு சின்னதா ஒண்ணு முறுக்கி வெச்சிருப்பாங்க. அந்த வால்வு இல்லாத கார்பரேட்டரை மாட்டினா, ஐடில்ல ஒண்ணும் தெரியாது. மிதிச்சதும் வேக்குவம் விழும், அட்வான்ஸும் சேர்ந்து விழும், இன்ஜின் திணறும். கார்பரேட்டரைத் திரும்பத் திரும்ப ட்யூன் பண்ணிப் பிரயோஜனமில்லை.

வழி ரெண்டுதான். அந்த வால்வோட இருக்கற 1100-ஐ ரீபில்டு பண்ணி மாட்டலாம். இல்லேன்னா 68-க்கு அப்புறம் வந்த, வெயிட்டும் வேக்குவமும் ரெண்டும் இருக்கற டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாறலாம். அப்போ வால்வு இல்லாத கார்பரேட்டர் ஓடும். ஆயில் பம்பை ஓட்டற தண்டு ரெண்டு அளவுல வந்திருக்கு, பழசைக் கழட்டி அளந்துட்டு ஆர்டர் போடுங்க. பாதி இது பாதி அதுன்னு கலக்காதீங்க. கார்பரேட்டரோட இடது, வலது ரெண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.

கடை விஷயம். இன்ஜின், பிரேக், பேரிங், கேஸ்கெட்டுக்கெல்லாம் ராக்ஆட்டோ போதும். 200 இன்ஜின் ஃபால்கன், கோமெட், மேவ்ரிக், ஃபேர்மான்ட்னு 1983 வரைக்கும் ஓடின இன்ஜின். மஸ்டாங்னு பேர் ஒட்டினதும் விலை ஏறும், அதே வாட்டர் பம்ப்பை ஃபால்கன்னு தேடினா சில சமயம் மலிவா வரும். தகடு, ரப்பர், உள் அலங்காரத்துக்கு நேஷனல் பார்ட்ஸ் டிப்போ, சிஜே போனி பார்ட்ஸ். சிஜே ஹாரிஸ்பர்க்ல இருக்கு, உங்களுக்குக் கார்லயே போற தூரம். ஃப்ளோர் பேன் வாங்கறதா இருந்தா நேர்ல போய்க் கையில தூக்கிப் பாருங்க. மறுதயாரிப்புத் தகடு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனம், மெல்லிசானது வெல்டு வெக்கும்போதே ஓட்டையாகும். ஜூன்ல பென்சில்வேனியா கார்லைல்ல ஃபோர்டு நேஷனல்ஸ் நடக்கும். பழைய ஒரிஜினல் பாகம், அதுவும் ஆறு சிலிண்டர்காரங்க கழட்டிப் போட்டது, அங்கே மேஜை மேல கிடக்கும். வி8-க்கு மாறின ஒவ்வொருத்தரும் நமக்கு ஒரு கார்பரேட்டரை மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்காங்க.

ஈபே-ல வாங்கறதுன்னா ஃபோர்டு எண்ணைப் படிக்கக் கத்துக்குங்க. சி5 இஸட்-இஸட்னு (C5ZZ) ஆரம்பிச்சா, சி 1960கள், 5 அந்தப் பத்தாண்டோட வருஷம், முதல் இஸட் மஸ்டாங், கடைசி இஸட் சர்வீஸ் பாகம்னு அர்த்தம். மூணாவது எழுத்து டி-ன்னா (D) ஃபால்கன். நடுவுல வர எண் எல்லா ஃபோர்டுக்கும் பொது. 9510 கார்பரேட்டர், 12127 டிஸ்ட்ரிப்யூட்டர், 8501 வாட்டர் பம்ப், 2140 மாஸ்டர் சிலிண்டர். விக்கிறவர் எழுதின தலைப்பை நம்பாம, வார்ப்புல இருக்கற எண்ணோட படம் கேளுங்க. கொடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க.

அப்புறம் வி8பைத்தியம் தம்பிக்கு. இன்ஜினைத் தூக்கி வெக்கறது ஒரு வார இறுதி வேலைதான், நான் மறுக்கலை. ஆனா ஆறு சிலிண்டர் காரோட பின் ஆக்ஸில் சின்னது, 7.25 அங்குலம். வி8-க்கு 8 அங்குலம். முன் ஸ்பிண்டில், டிரம், ஸ்டியரிங் லிங்கேஜ், ஸ்ப்ரிங், ரேடியேட்டர் எல்லாம் வேற. கடைசியில ஒரு வி8 காரையே வாங்கியிருக்கலாம்னு கணக்கு வரும். இதுல 120 குதிரை சக்தி, ஏழு மெயின் பேரிங், ஹூட்டைத் திறந்தா ரெண்டு பக்கமும் கை நுழைய இடம். கத்துக்கறவங்களுக்கு இதைவிட நல்ல இன்ஜின் அமையாது.

---

வயர்மேன்:

மூன்று முள்ளும் சேர்ந்து ஏறுவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை அண்ணன் சொல்லிவிட்டார்.

மீட்டர் கிளஸ்டருக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் மூன்றுக்கும் 12 வோல்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் போல ஆக்குவது அதன் வேலை. மூன்றும் ஒன்றாக ஏறினால் சென்சார்களைச் சந்தேகப்பட வேண்டாம், மூன்று சென்சார் ஒரே நாளில் கெடாது. ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதற்கு எர்த் போயிருக்கும். அதன் உடம்பு கிளஸ்டரின் பின்தகட்டில் தொட்டுத்தான் எர்த் எடுக்கிறது. நடுவில் துரு வந்தாலே முழு 12 வோல்ட் போகும், கொஞ்ச நாளில் மீட்டரே கருகிவிடும். அதனால் சரிசெய்யும்வரை அதிகம் ஓட்டாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கிளஸ்டரை இழுங்கள். தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்படியும் ஏறினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள், மின்னணு வகை கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: மீட்டர் ஒயரை நேரடியாக 12 வோல்டில் வைத்து "வேலை செய்கிறதா" என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. செய்யவே வேண்டாம்.

---

எடிசன்காரன்:

மிக்க நன்றி அண்ணா, நன்றி வயர்மேன்.

தண்ணீர் சோதனை முடிந்தது. இடது பக்கம் சொட்டுக்கூட இல்லை. வலது பக்கம் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் பெட்டிக்கு மேலிருந்து கோடு போட்ட மாதிரி இறங்கியது. நிறமில்லை, வாசனையில்லை, கூடவே மக்கிய இலைத் துணுக்கு. மேலே நின்றவர் "இன்னும் ஊற்றவா" என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். வலது முன் ஃப்ரேம் ரெயில் 'பொத்'. மற்றதெல்லாம் 'டங்'.

ரெகுலேட்டரின் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. தேய்த்து மாட்டினேன், பெட்ரோல் முள் இப்போது பாதியில் நிற்கிறது.

கார்பரேட்டர் படம் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பாக மூடியிருக்கிறது. பாட்டியிடம் கேட்டதில், மகன் கழற்றிய பழைய கார்பரேட்டர் ஒரு காபி டின்னில் கராஜ் அலமாரியில் இருக்கிறதாம். எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை ரீபில்டு செய்வதா, புது டிஸ்ட்ரிப்யூட்டரா?

---

பழையஇரும்பு:

காபி டின்தான், யோசிக்கவே வேண்டாம். இந்தக் காரோட வந்ததா இருக்கலாம். மேல்மூடி ஸ்க்ரூல ஒரு சின்னத் தகர டேக் தொங்குதான்னு பாருங்க, இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல இருக்கற எண்ணை வெச்சுத்தான் சரியான ரீபில்டு கிட் வாங்கணும். வால்வு உடைஞ்சிருந்தாலும் கவலையில்லை, தனியாக் கிடைக்கும். த்ராட்டில் தண்டை விரலால ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா காத்து கசியும், ஐடில் நிக்காது, அப்போ புஷ் போடற ரீபில்டர்கிட்ட அனுப்பணும். கழட்டின ஸ்ப்ரிங், உருண்டை எல்லாத்தையும் முட்டைப் பெட்டியில வரிசையா வைங்க. அந்த செக் பால் மேஜையிலேர்ந்து உருண்டா கிடைக்காது.

ஃப்ரேம் ரெயில் ஒரு பக்கம் மட்டும்தான்னா நீங்க அதிர்ஷ்டசாலி. கவுல் வலது பாதி, ஃப்ரேம் ரெயில், தரை, இந்த வரிசையில ஒரே வெல்டர்கிட்ட விலை பேசுங்க.

---

வி8பைத்தியம்:

அண்ணா, எனக்குக் கோபமில்லை. கார்லைலுக்கு நானும் வருகிறேன், என்னிடம் ஒரு 1100 கார்பரேட்டர் தூங்குகிறது. வேண்டுமென்றால் எடிசன்காரருக்குத் தருகிறேன்.

---

பழையஇரும்பு:

வால்வு இருக்கான்னு பார்த்துட்டுக் கொண்டு வாங்க.